இஞ்சினுக்குள் காற்று – கடிதம்

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறேன். டீசல் இஞ்சின் சிலிண்டருக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்று கணினியில் சிமுலேஷன் செய்வதுதான் என் புராஜெக்ட். என் மாமா விசைப்படகு மெக்கானிக். படகுகள் பழுதுபார்க்கக் கரைக்கு வரும் மீன்பிடித் தடைக்காலத்தில் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சிவப்பும் நீலமுமாகச் சுழலும் படத்தை அவரிடம் காட்டினேன். “சரி மாப்ள, நம்ம படகு ஏன் கரும்புகை தள்ளுதுன்னு இதுல தெரியுமா?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் படங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வியை உன் மாமா கேட்டுவிட்டார்.

முதலில் அவருடைய புகையைப் பார்ப்போம். கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியாமல் கரியாக வெளியே வருகிறது என்று அர்த்தம். டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒழுகலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், வால்வு சரியாக உட்காராமல் கம்ப்ரெஷன், அதாவது காற்றை நெருக்கும் அழுத்தம், போயிருக்கலாம். இதையெல்லாம் இஞ்சினைக் கழற்றிப் பார்க்கும்போதே அவர் கண்டுபிடித்துவிடுவார். இன்னொரு காரணத்தைப் பேப்பரில் கணக்குப் போட்டே சொல்லலாம். தளத்துக்குக் கீழே மூடிய அறையில் இருக்கும் இஞ்சின் அந்த அறையின் சூட்டுக் காற்றையே இழுக்கிறது. வெளியே 30 டிகிரி, உள்ளே 50 டிகிரி என்று வைத்துக்கொள். கெல்வினில் 303, 323. இந்த எண் கூடும் விகிதத்தில் காற்றின் அடர்த்தி குறையும் என்பதால், அடர்த்தி 6 சதவீதம் குறைந்துவிடும். பம்ப் தள்ளும் டீசல் மட்டும் அதே அளவு. முழு லோடில் வலை இழுக்கும்போது புகை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். காற்றுக் குழாயை வெளியிலிருந்து எடுத்தால் சரியாகிவிடும் விஷயத்துக்கு சிமுலேஷன் வேண்டாம்.

எவ்வளவு காற்று வந்தது என்பதை இப்படிக் கணக்குப் போட்டுவிடலாம். வந்த காற்று உள்ளே என்ன செய்கிறது என்பதற்குத்தான் வேறு வழி தேவைப்படுகிறது. 1500 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 40 மில்லி செகண்ட். பிஸ்டன் இறங்கிக் காற்றை இழுக்க அதில் பாதிதான். 110 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 5.5 மீட்டர். ஆனால் இன்லெட் வால்வைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாகக் காற்று அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வேகத்தில் பாய்கிறது. காற்று உள்ளே வரும் வழியான போர்ட் திருகலாக வளைந்திருந்தால் காற்று சிலிண்டருக்குள் சுழன்றுகொண்டே இறங்கும். இதுதான் ஸ்வர்ல் (swirl). பிஸ்டன் மேலே ஏறும்போது இந்தச் சுழல், பிஸ்டன் தலையில் குடைந்திருக்கும் கிண்ணத்துக்குள் நெருக்கப்படுகிறது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றிக்கொண்டே கயிற்றைச் சுருக்கினால் கல் வேகமெடுக்கும் அல்லவா, அதே விதி. அதற்குள் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். நாசில் டீசலைப் பீய்ச்சுவது அந்தச் சுழலுக்குள்தான். கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஒரு மில்லி செகண்டில் ஒன்பதில் ஒரு பங்குதான் ஆகிறது. சில டிகிரிகளுக்குள் டீசலும் காற்றும் கலக்க வேண்டும், கலக்காத இடத்தில் கரி பிறக்கிறது. மாமாவின் கேள்விக்கு உன் சிமுலேஷன் பதில் சொல்லக்கூடிய இடம் இதுதான். எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த இடமும் இதுதான்.

சரி, நம்பகம். சிலிண்டரை அரை மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறாய் என்று வை. நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வரும் காற்று ஒரு கட்டத்தைக் கடக்க 10 மைக்ரோ செகண்ட் போதும். கணக்கு நேரத்தில் அதைவிடப் பெரிய அடி எடுத்து வைத்தால் பாய்ச்சலைத் தவறவிடும். நாலு ஸ்ட்ரோக்குக்கு 80 மில்லி செகண்ட். ஆக குறைந்தது 8000 அடிகள், ஒவ்வொரு அடியிலும் லட்சக்கணக்கான கட்டங்கள். நடுவில் பிஸ்டன் நகர்கிறது, வால்வு திறந்து மூடுகிறது, இந்தக் கட்டங்களின் வலையான மெஷ்ஷும் கூடவே மாற வேண்டும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் இஞ்சின் சிமுலேஷனுக்கான கிவா நிரலை 1985இல் வெளியிட்டதிலிருந்து இந்தச் சிக்கலோடு எத்தனையோ பேர் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் அரை மில்லிமீட்டரைவிடச் சின்னச் சுழல்கள் கணக்கில் சிக்காது. அவற்றுக்குப் பதிலாக, கொந்தளிப்பின் விளைவைத் தோராயமாகச் சொல்லும் ஒரு டர்புலன்ஸ் மாடலைப் போடுகிறோம். மாணவர்கள் பெரும்பாலும் கை வைப்பது கே-எப்சிலான் என்ற மாடலில். எல்லாத் திசையிலும் கொந்தளிப்பு ஒரே மாதிரி என்ற அனுமானத்தில் நிற்பது அது. பலமான சுழலில் அந்த அனுமானம் உடைந்துபோகிறது. நீ பார்க்கப்போவதோ சுழலைத்தான்! இதை எழுதாமல் விட்ட புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைப் படிக்கும்போது எனக்கு மனசு கேட்காது. தப்பான விடைக்கும் கணினி அதே சிவப்பையும் நீலத்தையும்தான் பூசும்.

அதனால் படத்தை அப்படியே நம்பாதே. அதே கணக்கை மூன்று அளவு மெஷ்களில் ஓட்டு. ஸ்வர்ல் எண், அதாவது காற்று எவ்வளவு சுழல்கிறது என்று சொல்லும் எண், ஒவ்வொன்றிலும் பெரிதாக மாறினால் விடை இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அப்புறம் அளந்த எண் ஒன்றாவது வேண்டும். கம்ப்ரெஷன் அழுத்தம் எளிது. நாசிலைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜ் வைத்து அளக்கலாம். அது ஒத்துப்போனால் அழுத்தத்தை மட்டும்தான் நம்பலாம், சுழலை அல்ல. சுழலுக்கு ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் சிலிண்டர் மூடியை, தனியாக ஒரு குழாய்மேல் பொருத்தி, ஊதுவிசிறியால் காற்றை இழுத்து, உள்ளே ஒரு சின்னச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அளக்க வேண்டும். ஃப்ளோ பெஞ்ச் என்பது இதுதான். கல்லூரி ஒர்க்‌ஷாப்பிலேயே செய்துவிடலாம். வால்வை வெவ்வேறு உயரத்தில் நிறுத்தி அளந்து, அதே நிலைகளை ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருளில் கணக்கிட்டு ஒப்பிடு. அது இலவசம். பிஸ்டன் நகரும் கணக்குக்கு அதற்கப்புறம் போனால் போதும்.

போர்ட்டின் உள்வடிவம் பொதுவாகக் கையேடுகளில் கிடைக்காது. மாமாவிடம் கழித்துப்போட்ட ஹெட் ஒன்று கேள். இன்லெட் போர்ட்டுக்குள் சிலிக்கான் ரப்பர் ஊற்றி, இறுகியதும் உருவினால் அச்சு அப்படியே வந்துவிடும். அதை ஸ்கேன் செய்துகொள்ளலாம். தடைக்காலம் ஜூன் 14 வரை. அதற்குள் கேட்டு வாங்கிவிடு, படகு கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டால் ஹெட்டைக் கழற்றும் வேலை குறைந்துவிடும்.