ராட்டினத்தைக் கழற்றி வையுங்கள்

வாசகர் கேள்விகளுக்கு, வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வாரம் மூன்று நாள் பிசியோ தம்பி ஒருவர் வருகிறார், ஒரு முறைக்கு 500 ரூபாய். கை காலுக்குக் கரண்ட் வைப்பதில்லை, மெஷின் எதுவும் கொண்டுவருவதில்லை. முறத்தில் உளுந்தைக் கொட்டிக் கல் பொறுக்கச் சொல்கிறார். திண்ணையில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்கிறார். இதற்கா 500 ரூபாய் என்று அப்பாவே முணுமுணுக்கிறார். ஆனால் அந்தத் தம்பி வந்தால்தான் எதையும் செய்கிறார். நான் சொன்னால், "நாளைக்கு அந்தப் பையன் வருவான்ல" என்று படுத்துக்கொள்கிறார். தம்பி வராத நாளுக்காக அண்ணன் கிணற்று ராட்டினத்தை உத்திரத்தில் கட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து வராத கையைத் தூக்கும்படி செய்திருக்கிறான். பேசாமல் மெஷின் உள்ள சென்டராகப் பார்த்துத் தஞ்சாவூருக்கே கூட்டிப்போய்விடலாமா அக்கா?
— பெயர் வேண்டாம், வலங்கைமான்

பதில்: பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் போய் முதலில் அந்த ராட்டினத்தைக் கழற்றுங்கள். அண்ணன் பாசத்தில்தான் கட்டியிருக்கிறார், திட்டாதீர்கள். வலுவில்லாத கையை நல்ல கை இழுக்கும்போது தோள்பட்டை எலும்பு கூடவே திரும்பாது. கை மட்டும் மேலே போகும், உள்ளே தசை நசுங்கும். அப்புறம் வருகிற தோள் வலி இருக்கிறதே, அதில் நோயாளி எக்சர்சைஸையே வெறுத்துவிடுவார். கட்டிலிலிருந்து எழுப்பும்போதும் அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, கக்கத்தில் கை கொடுத்தும் தூக்கக் கூடாது.

இனி உளுந்துக்கு வருவோம். பதினேழு வருஷமாகப் பாபநாசம், திருவையாறு பக்கமெல்லாம் ஸ்கூட்டியில் போய்வருகிறேன். "கரண்ட் வைக்க மாட்டீங்களா?" என்று கேட்காத வீடு கிடையாது. கரண்ட் தப்பில்லை. மணிக்கட்டைத் தூக்க வராத சிலருக்கு நானே வைக்கிறேன். ஆனால் இலையில் சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோகக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர வேண்டுமே, அது உளுந்தில்தான் படியும். கல்லை எடுப்பதற்குள் நாலு உளுந்து சிதறும். அடுத்த வாரம் இரண்டு சிதறும். உங்கள் பிசியோ தம்பி விவரமானவர்தான். இதை அப்பாவிடம் உட்கார்ந்து விளக்காமல் விட்டதுதான் அவர் செய்த தப்பு.

ஆஸ்பத்திரியில் அப்பா ஏழாம் நம்பர் பெட். வீட்டில் அவர் மிராசு. அங்கே நாங்கள் சொன்னதை அவர் செய்வார். இங்கே அவர் சொன்னபடி நாங்கள்தான் காத்திருக்க வேண்டும். எனக்கு இது புரியவே சில வருஷம் பிடித்தது. திருக்காட்டுப்பள்ளி பக்கம் ஒரு பெரியவர். 'வாக்கரில் பத்து மீட்டர்' என்று என் நோட்டில் எழுதிவைத்து, மூன்று வாரம் கூடத்தில் நடக்கவைத்தேன். ஏனோதானோ என்று நடந்தார். ஒரு நாள், "ஆத்துல தண்ணி எப்பம்மா வரும்?" என்றார். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள் என்றேன். "அப்ப நான் வரப்புல நிக்கணும்" என்றார். அன்றைக்கே இரண்டு தாம்புக்கயிற்றை ஒன்றரை அடி இடைவெளியில் கூடத்தில் நீளமாகப் போட்டேன். கயிற்றை மிதிக்காமல் நடக்க வேண்டும். மனுஷர் நான் போன பிறகும் நடந்திருக்கிறார், அவர் சம்சாரம் சொன்னார். தண்ணீர் வந்த அன்று வரப்பு வரை முடியவில்லை. மதகு வரை போனார், மகன் பின்னாலேயே வேட்டி முடிச்சைப் பிடித்துக்கொண்டு.

உங்கள் அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா?

அவர் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று வருத்தப்படாதீர்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பக்கவாத நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பாதிப் பேர் வீட்டில் ஒருவருக்குப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, அவரை வைத்தே செய்யச் சொன்னார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்புதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பிலும் ஒரே கணக்கு: நூற்றுக்கு 47 பேர் இறந்திருந்தார்கள், அல்லது அடுத்தவர் துணையில் இருந்தார்கள். மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் மகளே பிசியோ ஆகிவிட முடியாது என்றுதான் நான் இதை எடுத்துக்கொண்டேன். நீங்கள் மகளாகவே இருங்கள். காபியை மட்டும் கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள், எழுந்து வந்து வாங்கிக் குடிக்கட்டும். நாற்காலி தாழ்வாக இருந்தால் ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். அவர் நடக்கும் நேரத்தில் வாசல் தெளித்து ஈரமாக வைக்காதீர்கள்.

சென்டரில் ஒரு வசதி உண்டு, மறைக்க மாட்டேன். இரு பக்கமும் பிடித்து நடக்கக் கம்பி, தாங்க இன்னொரு ஆள். வீட்டுக்குத் தனியாக வரும் நாங்கள், விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் கொஞ்சம் குறைத்தே நடக்கவைக்கிறோம். அதற்காக வாரம் மூன்று நாள் பஸ்ஸில் அலைந்தால் போய்வந்த களைப்புதான் மிஞ்சும். இப்போதைக்கு வீடே போதும். விரல்கள் இறுகி மடங்க ஆரம்பித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வரும் பிசியோவுக்குக் கொடுக்கப் பணமில்லை. அரசு உதவி உண்டா?
— வாசகர், நீடாமங்கலம்

பதில்: உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். ஒருவரே பல ஊர் சுற்ற வேண்டியிருக்கும், அதனால் வாரம் மூன்று முறை எதிர்பார்க்காதீர்கள். வருகிற அன்று கேள்விகளை எழுதிவைத்துக் கேளுங்கள்.

கேள்வி: நானும் பிசியோதான், வேலைக்கு வந்து இரண்டு வருஷம். போகிற வீட்டிலெல்லாம் காபி, குடும்பக் கதை. "பிரஷர் பாரு", "ஊசி போட்டுவிடு" என்கிறார்கள். இனி வர வேண்டியதில்லை என்று சொன்னால் அழுகிறார்கள். எப்படி முடிப்பது?
— வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: ஊசிக்கு மறுத்துவிடு கண்ணு, அது நம் வேலை இல்லை. கதையைக் கை கால் வேலை நடக்கும்போதே கேள். எந்த மருமகள் எங்கே தண்ணீர் ஊற்றி வைக்கிறாள் என்பதும் நமக்குத் தேவையான தகவல்தான். அழுகைக்குக் காரணம், கடைசி நாளை நாம் கடைசி நாளில்தான் சொல்கிறோம். முதல் நாளே காலண்டரில் வட்டம் போடு. அதற்கு ஒரு மாதம் முன்பே வாரம் மூன்றை இரண்டாக்கு, அப்புறம் ஒன்றாக்கு. காபியை இரண்டாவது வீட்டோடு நிறுத்திவிடு. நான் மூன்றாவது வீட்டிலிருந்து மோர்தான் கேட்கிறேன்.