கோடு போட்ட குழந்தைச் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம்: அதற்கு ஏன் அவ்வளவு கோபம்?

2014 ஆகஸ்டில் ஸாரா என்ற ஆடை நிறுவனம் ஒரு குழந்தைச் சட்டையை விற்பனையிலிருந்து எடுத்தது. நீல வெள்ளைக் கோடு, மார்பில் ஆறு முனை மஞ்சள் நட்சத்திரம். பார்த்தவர்களுக்கு நாஜி வதைமுகாம் உடை நினைவுக்கு வந்துவிட்டது. பழைய கௌபாய் படங்களில் வரும் ஷெரிஃபின் (ஊர்க் காவல் அதிகாரியின்) பேட்ஜ்தான் அது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. வெறும் கோட்டுக்கும் நட்சத்திரத்துக்கும் இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேவை என்றுதான் சொல்வேன். திருப்பூரில் பதினாறு வருடமாக மெர்ச்சண்டைசராக, அதாவது பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்பவனாக இருக்கிறேன், பெரும்பாலும் குழந்தைகள் உடை. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றை நானே சாம்பிளாக அனுப்பியிருக்கிறேன்.

2016-இல் ஓர் ஐரோப்பிய பையருக்காகக் கைக்குழந்தை ரோம்பர் (மேலும் கீழும் சேர்ந்த ஒரே உடை) ஒன்று செய்துகொண்டிருந்தோம். ஆர்டர் இன்னும் உறுதியாகவில்லை. உடையை எப்படிச் செய்ய வேண்டும் என்று பையர் தரும் குறிப்பேடான டெக் பேக்கில் நேவியும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணி, மார்பில் மஞ்சள் ஸ்டார் அப்ளிக் (மேலே வைத்துத் தைக்கும் துணித் துண்டு) என்று இருந்தது. படத்தில் ஐந்து முனை. கூரியர் கிளம்ப ஒரு நாள்தான் பாக்கி. எம்பிராய்டரி யூனிட் அண்ணனிடம் ஐந்து முனைக்குப் பஞ்சிங் ஃபைல் (மெஷின் படித்துத் தைக்கும் டிசைன் ஃபைல்) இல்லை, ஆறு முனைக்கு இருந்தது. பழனி பாதயாத்திரைக் குழு ஒன்றின் பைகளில் போடுவதற்காக முருகனின் அறுகோணத்தைப் பஞ்ச் செய்து வைத்திருந்தார். “ஸ்டார்தானே தம்பி, சாம்பிளுக்கு இதையே போட்டுடலாம், ஆர்டர் வந்தா மாத்திக்கலாம்” என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. இருக்கிற ஸ்டாரைப் போட்டிருக்கிறோம் என்று ஒரு குறிப்பு எழுதி அனுப்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்து பையர் பக்கத்து டிசைனரிடமிருந்து மெயில் வந்தது. வழக்கமாக ஃபிட், ஷேட், காலர் என்று பத்துப் பதினைந்து கமெண்ட் எழுதுகிறவர். அன்று எழுதியது இரண்டே வரி. உங்களிடம் இருக்கும் சாம்பிளை அழித்துவிடுங்கள், அதன் போட்டோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். என்ன தப்பு என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார். அதில் ஒரு சின்னப் பையன், ஓவர்கோட்டின் இடது மார்பில் நட்சத்திரம், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரிதான் உட்கார்ந்து படித்தேன். 1941 செப்டம்பரில் ஜெர்மனியில் நாஜிகள் ஓர் ஆணை போட்டார்கள். ஆறு வயது நிரம்பிய ஒவ்வொரு யூதரும் வெளியே வரும்போது நட்சத்திரம் அணிந்திருக்க வேண்டும். அது மஞ்சள் துணியில் இருக்க வேண்டும். உள்ளங்கை அளவு இருக்க வேண்டும். ஆறு முனைகளையும் கறுப்புக் கோட்டால் வரைந்து, நடுவே கறுப்பு எழுத்தில் ‘யூதன்’ என்று இருக்க வேண்டும். ஆடையின் இடது மார்பில், கண்ணில் படும்படி, கெட்டியாகத் தைத்திருக்க வேண்டும். துணி, கலர், சைஸ், இடம், தையல் என்று தினமும் நான் படிக்கிற டெக் பேக்கில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் அந்த ஆணையில் இருந்தது. படித்துவிட்டு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

நட்சத்திரங்களைத் துணியில் வரிசையாக அச்சடித்தார்கள். வெட்டாமல் மிஞ்சிய அந்தத் துணி இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. ஜெர்மனியில் நட்சத்திரம் ஒன்றுக்கு 10 பிஃபெனிக் காசும் வாங்கிக்கொண்டார்கள். 1942 ஜூனில் ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பிரான்ஸிலும் இதே கட்டாயம் வந்தது. அங்கே ஆளுக்கு மூன்று நட்சத்திரம். அதற்காக அவர்களுடைய துணி ரேஷனிலிருந்தே ஒரு புள்ளியைக் கழித்தார்கள். அதை வாங்கி வந்து பிள்ளையின் சட்டையில் தைத்தது பெற்ற தாய். ஆறு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் சட்டை அது.

யூத இன அழிப்பில் கொல்லப்பட்ட சுமார் 60 லட்சம் பேரில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் குழந்தைகள். அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களை ரயிலிலிருந்து இறக்கியதுமே விஷவாயு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். முகாமின் கோடு போட்ட உடை அவர்கள் உடம்பில் ஏறவே இல்லை. “முகாம் உடையில் கோடு நெட்டுக்குத்தாக இருக்கும், ஸாரா சட்டையில் படுக்கைவாக்கில் இருந்தது, இரண்டும் ஒன்றல்ல” என்று சிலர் வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். அளந்து பார்த்தால் அது சரிதான். நட்சத்திரத்தின் குறுக்கே ஷெரிஃப் என்ற எழுத்தும் இருந்தது, கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். ஆனால் தன் குடும்பத்தில் அந்த நட்சத்திரத்தைப் போட்ட பிள்ளையை இழந்த ஒருவர் அதைக் கிட்டே போய்ப் படித்துவிட்டுத்தான் பதற வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. கடையில் தொங்குவது குழந்தைச் சட்டை. அவர் கண்ணுக்குத் தெரிவதும் ஒரு குழந்தைதான்.

இந்தத் தொழில்காரனாக இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. பெர்லினில் ஹவுஸ்ஃபோக்டைபிளாட்ஸ் என்று ஒரு சதுக்கம் இருக்கிறது. நம் ஊர் காதர்பேட்டை மாதிரி, ரெடிமேட் வியாபாரம் கொடிகட்டிப் பறந்த இடம். அங்கிருந்த ஆடை நிறுவனங்களில் பெரும்பகுதி யூதர்களுடையது. 1933-க்குப் பிறகு அவர்களைத் தொழிலிலிருந்தே துரத்திவிட்டு நிறுவனங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்ட பெண்களின் தலைமுடியை ஜெர்மன் டெக்ஸ்டைல் ஆலைகளுக்குக் கிலோ 50 பிஃபெனிக்குக்கு விற்றிருக்கிறார்கள், துணி நெய்ய. ஆடைத் தொழிலில் இருக்கிற நாங்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பதினாறு வருடத்தில் எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஸாரா மன்னிப்புக் கேட்டு, மிச்சச் சட்டைகளை அழிப்பதாகச் சொன்னது. ஆனால் இப்படி மாட்டிக்கொண்டது அவர்கள் மட்டும் இல்லை. 1995-இல் காம் டே கார்சோன் என்ற ஃபேஷன் நிறுவனம் பாரிஸில் கோடு போட்ட பைஜாமாக்களை மேடையேற்றியது. அவுஷ்விட்ஸ் விடுதலையான ஐம்பதாவது ஆண்டு அது. 2015-இல் அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் என்ற கடை நிறுவனம், சாம்பல் வெள்ளைக் கோடுகளின் மேல் பிங்க் முக்கோணம் போட்ட தொங்குதிரை ஒன்றை விற்றது. முகாம்களில் ஓரினச் சேர்க்கையாளர்கள் என்று அடைக்கப்பட்ட ஆண்களுக்குத் தைத்துவிட்ட அடையாளம் அதே பிங்க் முக்கோணம். 2019-இல் லோவே என்ற ஃபேஷன் நிறுவனத்தின் கோடு போட்ட சட்டையும் பேன்ட்டும் இதே காரணத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டன. அதே வருடம் ஒரு இணையச் சந்தையில் அவுஷ்விட்ஸ் முகாமின் போட்டோவையே அச்சடித்த குட்டைப் பாவாடை விற்பனைக்கு வந்தது. யாரோ படத்தை ஏற்றுகிறார்கள், ஆர்டர் வந்தால் மெஷின் அச்சடிக்கிறது, நடுவில் மனிதக் கண்ணே கிடையாது. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

அப்புறம் ஸ்வஸ்திகா. இதை நம் ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள். 2007-இல் இதே ஸாரா கைப்பை ஒன்றைத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் செய்த பை, ஓரத்தில் ஸ்வஸ்திகா எம்பிராய்டரி. தாங்கள் ஓகே செய்த டிசைனில் அது இல்லை என்றது நிறுவனம். தைத்தவர் மங்கலச் சின்னம் என்று நினைத்திருக்கலாம், நம் வீட்டுக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் போடுவதுபோல. அதில் ஒரு குற்றமும் இல்லை. நம் வாசலில் நாம் போடுவதை யாரும் தடுக்கவும் இல்லை. ஆனால் அந்தப் பை தொங்கப்போவது ஐரோப்பியக் கடையில். அங்கே அந்தச் சின்னத்தைப் பார்த்துப் பயந்து ஒளிந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். யாருக்காகச் செய்கிறோமோ அவர் கண்ணால் ஒருமுறை பார்ப்பது நம் வேலையில் சேர்ந்ததுதான்.

வேண்டுமென்றே செய்தார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஸாரா விஷயத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு டிசைன் கடைக்குப் போவதற்குள் இருபது முப்பது பேர் கையில் போகிறது. லேப் டிப் (சாயம் போட்டுப் பார்க்கும் மாதிரித் துணி) பார்ப்பவர் மஞ்சள் சரியான மஞ்சளா என்று பார்க்கிறார். க்யூசி (தரப் பரிசோதனை) பார்ப்பவர் அப்ளிக் ஓரம் பிரிகிறதா என்று பார்க்கிறார். செக்கிங் அக்கா கோடு பக்கத் தையலில் சேர்கிறதா என்று பார்க்கிறார். ஒவ்வொருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். முழுச் சட்டையை ஒரு குழந்தை மேல் வைத்துப் பார்க்கச் சொல்லி யாருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை. என் சாம்பிளும் அப்படித்தான் போனது, நானும் அந்த அண்ணனும் சேர்த்து எட்டுப் பேர் பார்த்திருந்தோம். கோடு போட்ட எல்லாச் சட்டையையும் சந்தேகப்படச் சொல்லவில்லை, சீசனுக்குச் சீசன் எங்களுக்கு வருவதே பாதி கோடுதான். கோடு, மஞ்சள், ஆறு முனை, இடது மார்பு என்று எல்லாம் ஒரே சட்டையில் வந்து சேரும்போது யாராவது ஒருவர் நிறுத்த வேண்டும். கடைக்குப் போன பிறகு நிறுத்துவது பொதுமக்கள்தான், அதற்குப் பெயர்தான் நீங்கள் சொல்லும் ஆர்ப்பாட்டம்.

அந்த சாம்பிளை அன்றே வெட்டிப் போட்டுவிட்டேன். எம்பிராய்டரி அண்ணனிடம் அந்தப் பையன் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்குப் போகிறவர்களின் பைகளில் அவருடைய அறுகோணம் இப்போதும் ஓடுகிறது. ஏற்றுமதி ஆர்டரில் ஸ்டார் வந்தால் மட்டும், முனை எத்தனை, எந்த ஊருக்குப் போகிறது என்று போன் செய்து கேட்டுவிட்டுத்தான் மெஷினை ஓட்டுகிறார்.