கதைக்கும் ஊர் உண்டு: ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கதைகளை வகுப்பில் சொல்வது பற்றி, கேள்வி பதில்

மேற்கு சிட்னியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாகப் பதினாறு வருடம் ஓடிவிட்டது. ஜூலை முதல் வாரம் பூர்வகுடிகளைக் கொண்டாடும் நைடாக் வாரம். எங்கள் மாநிலத்தில் அது பெரும்பாலும் பள்ளி விடுமுறையில் போய் விழும். அதனால் ஜூனிலேயே கதை, படம், மேடை என்று பள்ளிகள் பரபரக்க ஆரம்பித்துவிடும். தமிழ்ப் பெற்றோரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களும் ஆளுக்கொரு சந்தேகத்தோடு வருவார்கள். இந்த முறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்கச் சொன்னேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பூர்வகுடி அல்ல, மதுரைக்காரி. இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தது இங்குள்ள பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது பாதி, நானாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது பாதி.

"மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு 'நீயே ஒரு ட்ரீம்டைம் கதை எழுதி வா' என்று வீட்டுப்பாடம். கங்காருவுக்கு வால் வந்த கதையை எழுதப்போகிறானாம். உதவலாமா டீச்சர்?" (ஓர் அம்மா, பிளாக்டவுன்)

கதைக்கு உதவுங்கள். தலைப்பை மட்டும் மாற்றலாமா என்று அவன் டீச்சருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.

'ட்ரீம்டைம்', அதாவது 'கனவுக்காலம்', என்பது 1890களில் ஸ்பென்சர், கில்லன் என்ற இருவர் மூலம் பரவிய சொல். மத்திய ஆஸ்திரேலியாவின் அரேண்டா மக்களுடைய சொல் ஒன்றை அப்படி ஆங்கிலப்படுத்தினார்கள். 'கனவு' என்று பெயர் விழுந்ததும் எல்லாம் கற்பனைக் கதை என்று ஆகிப்போனது. நாட்டின் நடுவே இருக்கும் பெரிய செம்பாறை உலுரு. அதன் பக்கத்து மக்கள் 'ஜுகுர்ப்பா' என்கிறார்கள். மலையும் சுனையும் எப்படி உண்டாயின என்பது அதில் இருக்கிறது. யார் யாரைக் கட்டலாம், எந்த இடத்துக்கு யார் பொறுப்பு என்பதும் அதில்தான் இருக்கிறது. சட்டம், உறவுமுறை, வரைபடம் எல்லாம் சேர்ந்த ஒன்று. என்றோ நடந்து முடிந்ததும் அல்ல. ஸ்டானர் என்ற மானுடவியலாளர் 1950களில் இதைப் பற்றி எழுதும்போது 'எவ்ரிவென்' என்று ஒரு சொல்லையே உருவாக்கினார், எக்காலமும் என்ற பொருளில்.

எனக்கு இது புரிந்தது எங்கள் ஊர்ப் புட்டுத்திருவிழாவை வைத்துத்தான். பிட்டுக்கு மண் சுமந்த கதை எப்போதோ நடந்ததுதான். ஆனால் ஆவணி வந்தால் சாமி இன்றைக்கும் புட்டுத்தோப்புக்குப் புறப்படுகிறார், மண் சுமக்கிறார், அடி வாங்குகிறார். 'உன் சொந்தத் திருவிளையாடல் ஒன்று எழுதி வா, பத்து மார்க்' என்று யாராவது பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால் உங்கள் மாமியார் என்ன சொல்வார்?

கங்காரு வால் கதை தாராளமாக வரட்டும். அது உங்கள் மகனின் கற்பனை, அந்தப் பெயரிலேயே இருக்கட்டும். பூமராங், டிட்ஜெரிடூ எல்லாம் கொண்டுவந்து ஒட்ட வேண்டாம். டிட்ஜெரிடூ வடக்குக் கோடி மக்களின் வாத்தியம், சிட்னிப் பக்கத்தது அல்ல.

"பூர்வகுடியா, பழங்குடியா, ஆதிவாசியா? எப்படிச் சொன்னால் தப்பில்லை?"

தமிழில் நான் பூர்வகுடிகள் என்கிறேன். ஆங்கிலத்தில் 'அபாரிஜினல் அண்ட் டோரஸ் ஸ்ட்ரெய்ட் ஐலண்டர்'. இவர்கள் இரு வேறு மக்கள், ஒன்றாகக் குழப்ப வேண்டாம். 'அபாரிஜினி' என்று முடிப்பது பழைய வழக்கம், பலருக்குப் பிடிக்காது. அதைச் சுருக்கிச் சொல்வது வசவு. இதையெல்லாம்விட மேல், அந்த மக்களின் பெயரையே சொல்வது: டாருக், விராஜுரி, வால்பிரி. வெள்ளையர் வந்து இறங்கியபோது இங்கே 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. 'ஓர் அபாரிஜினல் கதை' என்பது 'ஓர் ஆசியக் கதை' என்பது மாதிரி.

"நான் இந்த வருடம்தான் ஆசிரியராகச் சேர்ந்தேன். பூர்வகுடி அல்லாத நான் இந்தக் கதைகளைச் சொல்லலாமா? பயமாக இருக்கிறது அக்கா." (பென்ரித்)

பயம் கொஞ்சம் இருப்பது நல்லதுதான் தம்பி, ஆனால் அதற்காக வாயை மூடிக்கொள்ளாதே. பாடத்திட்டமே இந்த மக்களின் வரலாறும் பண்பாடும் எல்லாப் பாடங்களிலும் ஊடாட வேண்டும் என்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். ஏழெட்டு வருடம் முன்பு, காலைக் கூட்டத்தில், பழைய தொகுப்பு ஒன்றில் படித்த கதையைக் குரலெல்லாம் மாற்றிச் சொன்னேன். ஒரே கைதட்டல். முடிந்ததும் என் வகுப்புப் பெண் ஒருத்தியின் பாட்டி கிட்டே வந்தார். டாருக் பெரியவர். "நல்லாச் சொன்னாய். இதை உனக்கு யார் கொடுத்தார்கள்?" புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். "அந்தப் புத்தகம் யாரிடம் கேட்டு எடுத்தது?" நின்றேன். அவர் கோபப்படவும் இல்லை. தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அதுதான் இன்னும் சுடுகிறது.

அன்றிலிருந்து கதைக்கு முன்னால் இன்ன மக்களின் கதை, இன்ன நிலத்தின் கதை, சொன்னவர் இன்னார் என்று சொல்லாமல் ஆரம்பிப்பதில்லை. இந்த மூன்றும் புத்தகத்தில் கிடைக்கவில்லையா, அந்தக் கதை என் வகுப்புக்கு வராது. சில கதைகள் பெண்களுக்கு மட்டும், சில ஆண்களுக்கு மட்டும், சில தீட்சை பெற்றவர்களுக்கு மட்டும். பழைய சேகரிப்பாளர்கள் அதையெல்லாம் பார்க்காமல் அச்சடித்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து அவரையே சொல்லவைத்தால் இன்னும் நல்லது. அவருக்கு உரிய சன்மானம் கொடுக்கப் பள்ளியிடம் சொல்லிவிடு. பெயர் சொல்லிக் கூப்பிடாதே. 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்பது இங்கே மரியாதைப் பட்டம். உனக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை, ஊரில் எல்லாரும் நமக்கு அத்தையும் மாமாவும்தானே.

"பழைய தொகுப்புகளில் அப்படி என்ன தப்பு? அவை இல்லாவிட்டால் கதைகளே அழிந்திருக்குமே." (ஓய்வுபெற்ற நூலகர்)

நியாயமான கேள்வி ஐயா. ஐந்தாறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை ஐம்பது டாலர் நோட்டை வைத்து விளக்குவேன். அதில் ஒரு முகம் இருக்கிறது: டேவிட் யுனைப்பன், ஙாரிஞ்சேரி மக்களைச் சேர்ந்தவர், 1872இல் பிறந்தவர். எழுத்தாளர், கண்டுபிடிப்பாளர். 1920களில் ஊர் ஊராகப் போய்க் கதைகள் திரட்டி எழுதினார். அந்தக் கையெழுத்துப்படியை ராம்சே ஸ்மித் என்ற மருத்துவர் 1930இல் தன் பெயரில் புத்தகமாக்கினார், யுனைப்பன் பெயர் எங்கும் இல்லை. அவர் பெயரோடு அது வெளிவந்தது 2001இல். அவர் இறந்து 34 வருடம் கழித்து.

"அப்போ நோட்டுல போட்டாங்க, புக்ல போடலையா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் சொன்னது சரிதான். நோட்டில் அவர் முகம் வந்தது 1995இல், புத்தகத்துக்கு ஆறு வருடம் முன்பே.

தொகுப்புகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை ஐயா. மேல் வகுப்பில், யார் எழுதினார், யார் சொல்லக் கேட்டு எழுதினார் என்ற கேள்வியோடு வாசிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

"ஒரு கதையை எடுத்து எப்படிப் பாடம் நடத்துகிறீர்கள் என்று காட்ட முடியுமா?"

டிட்டாலிக் தவளைக் கதை. விக்டோரியாவில் கிப்ஸ்லாண்ட் பகுதிக் குனாய்குர்னாய் மக்களின் கதை. ஒரு பெரிய தவளைக்குத் தாகம். ஆறு, குளம், குட்டை என்று ஒன்று விடாமல் குடித்துத் தீர்க்கிறது. அதைச் சிரிக்க வைத்தால் தண்ணீர் வெளியே வரும் என்று மற்ற உயிர்கள் கூடி முடிவெடுக்கின்றன. ஒவ்வொன்றாக வித்தை காட்டுகின்றன, தவளை அசையவில்லை. கடைசியில் விலாங்கு வந்து உடம்பை முறுக்கி ஆடுகிறது, தவளை வாய்விட்டுச் சிரிக்கிறது, வெள்ளம் பாய்கிறது.

முதலில் சுவரில் உள்ள மொழிகள் வரைபடத்தில் கிப்ஸ்லாண்டில் ஒரு குத்தூசி. நாம் இருக்கும் இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே எத்தனை வண்ணம் என்று எண்ணச் சொல்வேன். ஒவ்வொரு வண்ணமும் ஒரு மொழி. அப்புறம்தான் கதை. நடிப்பார்கள், எல்லாருக்கும் விலாங்காக வேண்டும், தரை துடைத்தது போல ஆகிவிடும். ஆடி ஓய்ந்தபின் ஒரே கேள்வி: எல்லாத் தண்ணீரையும் ஒருவர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? வறட்சிக் காலத்தில் ஊரிலிருந்து வந்த ஒரு பையன் பக்கத்து வீட்டு போர்வெல் பற்றிப் பத்து நிமிடம் பேசினான். நான் குறுக்கிடவே இல்லை.

இந்தத் தவளையை, உடம்பில் நீர் சேமிக்கும் பாலைவனத் தவளையோடு இணைத்துச் சில பாடத்தாள்கள் வரும். அந்தத் தவளை இருப்பது வறண்ட உள்நாட்டில், கிப்ஸ்லாண்டோ ஈரமான தென்கிழக்கு. அறிவியல் வகுப்பில் தவளையைத் தனியாகப் பாருங்கள், இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

"நைடாக் வாரத்துக்குப் புள்ளி ஓவியம் போடச் சொல்கிறார்கள். காதுகுடையும் பஞ்சுக்குச்சி ஐம்பது வாங்கி வைத்துவிட்டேன்!" (ஓர் அப்பா)

குச்சி வீட்டுக்கு ஆகும், வையுங்கள். இப்போது நாம் பார்க்கும் புள்ளி ஓவியம் மேற்குப் பாலைவனத்தில் பாப்புன்யா என்ற ஊரில் 1971 வாக்கில் பலகையிலும் கித்தானிலும் ஏறியது. சிட்னி மக்களின் மரபு அல்ல.

பதிலுக்கு மணல். மத்தியப் பாலைவனப் பெண்கள் தரையில் மணலைத் தடவிச் சமப்படுத்தி, வரைந்துகொண்டே கதை சொல்வார்கள். குதிரைலாடம் போல ஒரு வளைவு என்றால் ஆள் உட்கார்ந்திருக்கிறார். சப்பணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் மண்ணில் விழும் தடம் அது. ஒரு காட்சி முடிந்ததும் கையால் துடைத்துவிட்டு அடுத்தது. பெண்கள் சொல்லும் ஒரு படப்பதிவைப் பார்த்துவிட்டு, கேக் தட்டில் மணல் கொட்டிப் பிள்ளைகளிடம் கொடுப்பேன். அவர்கள் குறிகளைக் காப்பியடிக்க அல்ல. வீட்டிலிருந்து பள்ளி வரும் வழியைத் தங்கள் சொந்தக் குறிகளில் சொல்ல வேண்டும். துடைக்கும்போது ஒவ்வொரு முறையும் யாராவது "ஐயோ, அழிச்சிட்டியே!" என்பார்கள். முகத்தில் வண்ணம் பூசி வேஷம் கட்டலாமா என்றும் இருவர் கேட்டிருக்கிறீர்கள். கூடாது.

"பூர்வகுடிகள் நம் தமிழர்தான் என்கிறார்களே? பிள்ளைகளிடம் சொல்லலாமா?"

வேண்டவே வேண்டாம். அவர்கள் இந்த மண்ணில் குறைந்தது 50,000 வருடமாக இருக்கிறார்கள். சுமார் 4,200 வருடம் முன்பு இந்தியாவிலிருந்து சிலர் வந்து கலந்திருக்கலாம் என்று 2013இல் ஒரு மரபணு ஆய்வு சொன்னது. 2016இல் ஆண்வழி குரோமோசோம்களை ஆராய்ந்தவர்கள் அதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். வாட்ஸாப் முதல் பாதியை மட்டும் சுமந்துகொண்டு திரிகிறது.

சொந்தம் கொண்டாடாமலே ரசிக்க விஷயம் இருக்கிறது. 'உலுரு' என்பதில் கடைசி எழுத்தை அந்த ஊர்க்காரர்கள் உச்சரிப்பது கிட்டத்தட்ட நம் 'ழு'. ஆங்கிலேயப் பிள்ளைகள் திணறும்போது தமிழ்ப் பிள்ளைகள் முதல் தடவையே சொல்லிவிடுவார்கள். அந்த மக்கள் தங்களை 'அணங்கு' என்கிறார்கள், 'மக்கள்' என்று பொருள். நம் மூன்று சுழி ண்தான். நம் அணங்கோடு உறவில்லை, ஒலி மட்டும் ஒத்துப்போகிறது. 'ஙப் போல் வளை'க்கு வெளியே சொல்முதலில் பார்த்தறியாத ங, இங்கே பல மொழிகளில் சாதாரணமாகச் சொல்லைத் தொடங்கி வைக்கும். கதையில் ஒரு குழந்தைக்கு மூன்று அம்மா என்று வந்தால் மற்றவர்கள் விழிப்பார்கள். அம்மாவின் உடன்பிறந்தவளும் அம்மாதான் என்பது பெரியம்மா, சின்னம்மா மடியில் வளர்ந்த பிள்ளைக்குப் புதிதா என்ன?

"சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கார்த்திகைப் பெண்களையும் ஏழு சகோதரிகளையும் சேர்த்துச் சொல்ல ஆசை." (தமிழ்ப் பள்ளி ஆசிரியை)

அருமையான ஜோடி. வானத்தில் அதே நட்சத்திரக் கூட்டம்தான். நம் கதையில் அறுவர், குழந்தையை எடுத்து வளர்க்கிறார்கள். பாலைவனப் பூர்வகுடிகளின் கதையில் எழுவர், துரத்தும் ஒருவனிடமிருந்து நிலம் முழுக்க ஓடுகிறார்கள். ஓடிய வழியெல்லாம் சுனையும் பாறையும். இதில் பொதுவில் சொல்லாத பகுதிகள் உண்டு. அந்தச் சமூகங்களே பிள்ளைகளுக்கென்று வெளியிட்ட வடிவத்தை மட்டும் எடுங்கள். ஒன்று மற்றதிலிருந்து வந்தது என்று முடிவு கட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

"திருடப்பட்ட தலைமுறைகள் பற்றிய புத்தகம் வகுப்பில் வாசிக்கிறார்களாம். என் மகளுக்கு எட்டு வயதுதான். நாங்கள் வன்னியிலிருந்து வந்தவர்கள், அவள் தூங்க மாட்டாள் என்று பயம்."

உங்கள் பயம் புரிகிறது அம்மா. இதை வகுப்பாசிரியரிடம் இன்றே சொல்லுங்கள். வாசிக்கும் முன்பு வீடுகளுக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை.

அரசும் சபைகளும் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனது 1970கள் வரை நடந்தது. 1997இல் விசாரணை அறிக்கை, 2008 பிப்ரவரி 13இல் நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட்டின் மன்னிப்பு. எட்டு வயதுக்கு நான் இவ்வளவுதான் சொல்வேன்: கொண்டுபோனார்கள், அது தவறு, குழந்தைகள்மீது எந்தத் தப்பும் இல்லை, பலர் தேடிப்பிடித்து வீடு திரும்பினார்கள். கொடுமையின் விவரம் ஐந்தாறாம் வகுப்புக்கு. அப்போது சாலி மார்கனின் 'சிஸ்டர் ஹார்ட்' வாசிப்போம், தூக்கிச் செல்லப்பட்ட ஒரு சிறுமியே தன் குரலில் சொல்லும் வசன கவிதை நாவல். வகுப்பில் பூர்வகுடிப் பிள்ளை இருந்தால் 'உன் வீட்டுக் கதையைச் சொல்லு' என்று அவளைத் திரும்பிப் பார்க்கவே கூடாது. உங்கள் மகளையும்தான்.

"எல்லாமே பழங்கதையா? இன்றைய பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் இல்லையா?"

நிறைய இருக்கிறது. நாட்டின் வடமேற்கில் ப்ரூம் என்ற ஊரில் உள்ள மகபாலா, பூர்வகுடிகளே நடத்தும் பதிப்பகம். அவர்கள் வெளியிட்ட 'பிளாக் காக்கட்டூ'வில் கிம்பர்லிப் பக்கத்துப் பதின்மூன்று வயது மியா, அடிபட்ட கருங்கிளி ஒன்றைக் காப்பாற்றுகிறாள். ஆறாம் வகுப்பில் தைரியமாகக் கொடுக்கலாம். சின்னவர்களுக்கு, நாம் குடியிருக்கும் இந்த டாருக் மண்ணைப் பற்றியே 'கூயி மிட்டிகர்' என்ற படக்கதை. 'நண்பா, இங்கே வா' என்று பொருள். கருப்பு அன்னம் ஒன்று கதை சொல்லும், டாருக் சொற்கள் வழிநெடுக வரும். போன வருடம் அதை வாசித்து முடித்த கையோடு, இங்கே மேற்கு சிட்னியில் இருக்கும் பரமட்டா என்பதே விலாங்குகள் இருக்கும் இடம் என்ற டாருக் பெயர்தான் என்று சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டிட்டாலிக்கைச் சிரிக்க வச்ச விலாங்கா மிஸ்?" அது கிப்ஸ்லாண்ட் விலாங்கு, இது நம்மூர் விலாங்கு என்று அடுத்த வரிசைப் பெண் திருத்தினாள்.