சீட்டு ஆப், வாஷிங் மெஷின் டப்பா, பூந்திக்கொட்டைத் திரவம்: எதற்குக் காப்புரிமை கிடைக்கும்?

கேள்வி: கரூரில் வீட்டோடு சேர்த்து ஒரு சின்ன சலவைக்கடை நடத்துகிறேன். எங்கள் பக்கம் போர் தண்ணீர் ஒரே உப்பு. கறுப்புத் துணியைத் துவைத்தால் வெள்ளைத் திட்டு நிற்கிறது. கடைசி அலசலில் எலுமிச்சை உப்பு போட்டால் போய்விடுகிறது, ஆனால் அதற்காக மெஷின் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். அதனால் நானும் என் தம்பியும் துணியோடு உள்ளே போடுகிற மாதிரி ஒரு டப்பா செய்திருக்கிறோம். முதல் ஸ்பின்னில் உள்ளே ஒரு பல் நகர்ந்து நிற்கும், இரண்டாவது ஸ்பின்னில் மூடி திறந்துகொள்ளும். அடுத்ததாக, அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து போடும் ஏலச்சீட்டை போனிலேயே நடத்த ஓர் ஆப் யோசித்திருக்கிறேன். ஏலத் தொகையை நேரம் முடியும்வரை சீட்டு நடத்துபவரே பார்க்க முடியாதபடி அதில் பூட்டிவைக்கலாம். மாமியார் சொல்லிக்கொடுத்த பூந்திக்கொட்டை, சீயக்காய் திரவமும் இருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து பேட்டன்ட் வாங்கித் தருவதாக ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? டப்பா வேலை செய்வதை ரீல்ஸ் எடுத்துப் போடலாம் என்று தம்பி சொல்கிறான்.

பதில்: மூன்றுக்கும் மொத்தமாகப் பணம் கொடுக்காதீர்கள். டப்பாவுக்கு முயன்று பார்க்கலாம், அதில் விஷயம் இருக்கிறது. சீட்டு ஆப்புக்கு நீங்கள் எழுதியிருக்கும் வடிவில் கிடைக்காது. திரவத்தை விட்டுவிடுங்கள். ரீல்ஸ் மட்டும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் டப்பா. "மெஷினுக்குள் போட்டால் அலசும்போது தானாகத் திறக்கும் டப்பா" என்று எழுதி விண்ணப்பித்தால் முதல் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அமெரிக்காவில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் டௌனி பால் என்ற பிளாஸ்டிக் உருண்டையை எப்போதோ விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதன் வாயில் கனமான ஒரு அடைப்பான் இருக்கும். உள்ளே துணி மென்மையாக்கும் திரவத்தை ஊற்றி, அடைப்பானை இழுத்து மூடித் துணியோடு போட்டுவிட வேண்டும். துவைக்கும்போது உருண்டு புரண்டாலும் அது திறக்காது. ஸ்பின் ஓடும்போது சுழற்சியின் வேகத்தில் அந்தக் கனம் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு அடைப்பான் திறந்துகொள்ளும். அப்புறம் அலசும் தண்ணீர் வரும்போது திரவம் கலந்துவிடும்.

ஆகவே ஸ்பின்னை வைத்துத் திறப்பது என்ற யோசனை உங்களுடையது அல்ல. உங்களுடையது எண்ணிக்கை. டௌனி பால் முதல் ஸ்பின்னிலேயே திறந்துவிடும். இரண்டு முறை அலசும் மெஷினில் எலுமிச்சை உப்பு அப்படி வெளியே வந்தால், துணியில் மிச்சமிருக்கும் சோப்பின் காரத்தோடு சேர்ந்து பாதி வீணாகும், மீதி அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். உங்கள் டப்பா ஒரு ஸ்பின்னைக் கடக்கவிட்டு, அடுத்ததில் திறக்கிறது. ஏற்கனவே இருக்கிற பொருளிலிருந்து இது எந்த இடத்தில் வேறுபடுகிறது, அந்த வேறுபாட்டால் என்ன நடக்கிறது என்பதைத்தான் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் பார்ப்பார்.

அடுத்து அவர் கேட்கப்போகும் கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். "பல் சக்கரம் பழைய சங்கதி, அடைப்பானும் பழைய சங்கதி. இரண்டையும் சேர்ப்பது இந்தத் தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றுமே?" பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். என் கணிப்பில் உங்களுக்கான பதில் நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒரு விஷயத்தில் இருக்கிறது. துவைக்கும்போது டப்பா அரை மணி நேரம் முட்டி மோதிக்கொண்டே இருக்கும். அப்போதெல்லாம் அந்தப் பல் நகராமல் எப்படி நிற்கிறது? ஸ்பின் ஆரம்பித்து நடுவில் நின்று மறுபடி ஓடினால் இரண்டாக எண்ணிக்கொள்ளாதா? இதற்குத் தம்பி ஏதோ ஒன்று செய்திருப்பார். ஸ்பிரிங்கின் விறைப்பாக இருக்கலாம், கனத்தின் எடையாக இருக்கலாம், பல்லின் சாய்வாக இருக்கலாம். கண்டுபிடிப்பு பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அதை அளவுகளோடு எழுதுங்கள். எந்த மெஷினில், எந்த வேகத்தில், எத்தனை துணி போட்டுப் பார்த்தீர்கள், எப்போது திறந்தது, எப்போது திறக்காமல் ஏமாற்றியது என்பதையும் ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்துவையுங்கள்.

விண்ணப்பத்தில் மற்ற பக்கங்களெல்லாம் விளக்கம்தான். உரிமைக்கோரல்கள் என்று கடைசியில் வரும் பகுதியில் எழுதியிருப்பதற்கு மட்டுமே பாதுகாப்பு. உங்களுக்கு முதல் கோரல், ஸ்பின் எண்ணிக்கையை வைத்துத் திறக்கும் அமைப்பு முழுவதையும் தழுவ வேண்டும். அதன் கீழ் வருபவை பல் வளையம், ஸ்பிரிங், எத்தனையாவது ஸ்பின்னில் திறக்க வேண்டும் என்று மாற்றிக்கொள்ளும் வசதி எனப் படிப்படியாகக் குறுகிவர வேண்டும். மேலே உள்ளது அடிபட்டாலும் கீழே உள்ளது நிற்கும். எலுமிச்சை உப்பை மட்டும் குறிப்பிட்டுக் கோரல் எழுதினால், இன்னொருவர் வினிகரைப் போட்டு அதே டப்பாவை விற்பார், நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

பணம் கட்டுவதற்கு முன் நீங்களே தேடிப் பாருங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், இந்திய அலுவலகத்தின் இன்பாஸ் மூன்றும் இலவசம். வார்த்தையை வைத்துத் தேடுவதைவிட வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேடுவது நல்லது. உங்கள் டப்பா டி06எஃப் 39/024 (D06F 39/024) என்ற வகையில் வரும். சலவைப் பொருளைச் சேர்க்கும் சாதனங்களில் டிரம்மோடு சுற்றுபவை, துணியோடு தளர்வாகப் போடுபவை எல்லாம் அதில்தான். படங்களை மட்டும் புரட்டினாலே பாதி தெரிந்துவிடும்.

தேடும்போது உங்களுடையதைப் போலவே ஒன்று அமெரிக்காவிலோ ஜப்பானிலோ கிடைத்தால், "இந்தியாவில் இல்லையே" என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உலகத்தில் எங்கே வெளிவந்திருந்தாலும் அது இங்கே புதுமை இல்லை, காப்புரிமை கிடைக்காது. ஆனால் அவர்கள் இந்தியாவில் காப்புரிமை வாங்கவில்லை என்றாலோ, வாங்கியதன் 20 ஆண்டுக் காலம் முடிந்துவிட்டது என்றாலோ, அதே பொருளை நீங்கள் இங்கே செய்து விற்க யாரும் தடை சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் சுழலும் துணிக்கொடியை எல்லோரும் ஹில்ஸ் ஹாய்ஸ்ட் என்றே சொல்வார்கள். கைப்பிடியைச் சுற்றினால் மேலே ஏறும் உலோகக் கொடிக்கு 1920-களிலேயே காப்புரிமை வைத்திருந்தவர் கில்பர்ட் டாயின். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் அதே வகைக் கொடியை அடிலெய்டில் செய்து விற்றுப் பெயர் வாங்கியவர் லான்ஸ் ஹில். காப்புரிமை இல்லாமலும் வியாபாரம் நடக்கும், அதை மறந்துவிட வேண்டாம்.

ரீல்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பிக்கும் முன் டப்பா எப்படி வேலை செய்கிறது என்பது பொதுவெளியில் தெரிந்துவிட்டால் புதுமை போய்விடும். தெரியப்படுத்தியது நீங்களே என்றாலும் விதிவிலக்கு கிடையாது. அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் அவையில் வாசிக்கும் கட்டுரை, நியாயமான அளவில் செய்து பார்க்கும் சோதனை என்று சட்டத்தில் சில சலுகைகள் உண்டு. அவற்றுக்கும் 12 மாதக் கெடு இருக்கிறது, இன்ஸ்டாகிராம் அதில் சேராது. வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள். யாருக்காவது பயன்படுத்திப் பார்க்கக் கொடுத்திருந்தால், விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாமல் உடனே செய்யுங்கள்.

சரி, சீட்டு ஆப். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-இன் 3-ஆம் பிரிவு, வணிக முறைகளையும் கணினி நிரலை அப்படியே கேட்பதையும் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. ஏலத்தை எப்படி நடத்துவது, தள்ளுபடியை எப்படிப் பிரிப்பது, யாருக்கு எந்த மாதம் பணம் என்பதெல்லாம் வணிக முறை. போனில் செய்வதால் அது மாறிவிடாது. வணிக முறைக்கான தடை முழுமையானது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் ஓப்பன்டிவி வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு பக்கத்தையும் காட்டியது. அந்த வழக்கில் காப்புரிமை கேட்டது, பணப் பரிவர்த்தனையில் வாடிக்கையாளரின் தகவலை மறைத்துக் காப்பதற்கான ஓர் அமைப்புக்கு. வணிகத்துக்குப் பயன்படுகிறது என்பதாலேயே அது வணிக முறை ஆகிவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. அதாவது பணத்தைப் பற்றிய விதி ஒன்று, பணம் போகும் கருவியில் செய்த தொழில்நுட்ப மாற்றம் வேறொன்று.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் கதவு அகலத் திறந்திருந்தது. 1998-இல் வந்த ஸ்டேட் ஸ்ட்ரீட் தீர்ப்புக்குப் பிறகு நிதித்துறையில் காப்புரிமைகள் குவிந்தன. 2014-இல் ஆலிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இறுக்கியது. அந்த வழக்கின் பொருள் உங்கள் ஆப்புக்கு ரொம்பப் பக்கம்: இருவர் பணம் மாற்றிக்கொள்ளும்போது நடுவில் நிற்கும் ஒருவர் இரண்டு பக்கமும் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதைக் கணினி செய்வது. காலங்காலமாக மனிதர்கள் செய்வதைக் கணினியில் ஏற்றினால் மட்டும் போதாது என்றது நீதிமன்றம். காசோலையை போனில் படம் எடுத்து வங்கியில் போடுகிறார்களே, அதற்கான காப்புரிமைகளை வைத்து யூ.எஸ்.ஏ.ஏ. என்ற நிறுவனம் வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் மேல் வழக்குப் போட்டு 2019-இல் 20 கோடி டாலர் தீர்ப்பு வாங்கியது. 2022-இல் பி.என்.சி. வங்கிக்கு எதிராக இன்னொரு பெரிய தீர்ப்பு. 2025 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பி.என்.சி. வழக்கில் இருந்த காப்புரிமையே வெறும் கருத்தளவிலானது, செல்லாது என்று தள்ளிவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே நிதிக் காப்புரிமையில் தரை இப்படி வழுக்குகிறது.

ஏலத் தொகையை நேரம் முடியும்வரை சீட்டு நடத்துபவரே பார்க்க முடியாதபடி பூட்டிவைக்கும் வழி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு துண்டு மட்டும் தொழில்நுட்பம். ஆனால் மூடிய ஏலத்துக்கான குறியாக்க வழிகள் வெகு காலமாகவே புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றைவிடப் புதிதாக ஒன்று உங்கள் கையில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஆப்பின் நிரல் எழுதும்போதே அதற்குப் பதிப்புரிமை தானாக வந்துவிடும். வேறொருவரை வைத்து எழுதினால், உரிமை உங்களுக்கே என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. காப்புரிமை என்பது தொழில் நடத்த அனுமதி கிடையாது, பிறர் செய்யாமல் தடுக்கும் உரிமை மட்டுமே. சீட்டு நடத்த 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி முன் அனுமதி வேண்டும், தமிழ்நாட்டில் அது பதிவுத்துறையின் கையில் இருக்கிறது. தெரிந்த பெண்கள்தானே என்று அனுமதியில்லாமல் ஆப் மூலம் ஆள் சேர்த்தால், ஒரு தவணை தவறும் நாளில் பிரச்சினை உங்கள் தலையில் விழும். இந்த ஆப்புக்கென்று செலவழிக்க இருக்கும் பணத்தில் முதல் ரூபாய் அந்த அனுமதி பற்றிய ஆலோசனைக்குப் போகட்டும்.

பூந்திக்கொட்டை, சீயக்காய் திரவம் இரண்டு வகையில் அடிபடும். பாரம்பரிய அறிவுக்குக் காப்புரிமை இல்லை. தெரிந்த பொருள்களை வெறுமனே கலப்பதற்கும் இல்லை. காயம் ஆற்ற மஞ்சள் என்று 1995-இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை நம் நாட்டு அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து 1997-இல் ரத்து செய்ய வைத்ததும் நம் வீட்டு அறிவு யாருக்கும் தனிச் சொத்தாகக் கூடாது என்பதற்காகத்தான். அந்த விதி நமக்கும் பொருந்தும். நல்ல பெயர் வைத்து விற்றுப் பாருங்கள். பெயரை ட்ரேட்மார்க்காகப் பதிய தனிநபருக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய் கட்டணம்.

இப்போது அந்த 60,000 ரூபாய். டப்பாவுக்குத் தனிநபராக ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனை கோர 4,000. விண்ணப்பதாரர் பெண் என்றால் விரைவுப் பரிசோதனை கேட்கலாம், அதற்கு 8,000. கிடைத்த பிறகு, விண்ணப்பத் தேதியிலிருந்து எண்ணும் மூன்றாம் ஆண்டு முதல் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு, தொடக்கத்தில் ஆண்டுக்கு 800. மீதியெல்லாம் எழுதிக்கொடுப்பவரின் கூலி. நன்றாக எழுதுபவருக்கு அந்தக் கூலியைக் கொடுப்பதில் தவறே இல்லை, உரிமைக்கோரல் எழுதுவது பயிற்சி வேண்டிய வேலை. ஆனால் அவர் பதிவு பெற்ற காப்புரிமை முகவரா என்று பாருங்கள். எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். "கட்டாயம் கிடைக்கும்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சிலர் வடிவமைப்புப் பதிவை வாங்கிக் கையில் கொடுத்து, இதுதான் பேட்டன்ட் என்பார்கள். அது டப்பாவின் வெளித்தோற்றத்தை மட்டும் காக்கும். உள்ளே இருக்கும் பல்லையும் ஸ்பிரிங்கையும் அப்படியே எடுத்து வேறு உருவத்தில் போட்டால் அது உதவாது.

முழு விவரமும் தயாராகவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பிக்கலாம். அன்றைய தேதி உங்களுக்குக் கிடைத்துவிடும், 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். அதற்காக நாலு வரியில் எழுதிவிடாதீர்கள், அதில் இல்லாத விஷயத்துக்கு அந்தத் தேதி உதவாது. படங்களையும் சேருங்கள். தமிழ்நாட்டு விண்ணப்பங்களைக் கவனிப்பது கிண்டியில் உள்ள அலுவலகம், ஆனால் ஆன்லைனில் செய்யலாம், நேரில் போக வேண்டியதில்லை. கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் தம்பியின் பெயரும் கட்டாயம் வர வேண்டும். பல்லை நிற்க வைத்தது அவர் என்றால் அதை விடுவது விண்ணப்பத்தையே பலவீனமாக்கும். விண்ணப்ப எண் கையில் வந்த பிறகு ரீல்ஸ் போடட்டும். "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று அதில் எழுதலாம், "காப்புரிமை பெற்றது" என்று எழுதக் கூடாது. பொய்யாக எழுதினால் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் போகும். அதற்கு முன்பே பிளாஸ்டிக் மோல்டு செய்பவரிடம் டப்பாவைக் கொடுப்பதாக இருந்தால், யாருக்கும் காட்டமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.