ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு எடை நின்றுவிட்டது: தைராய்டுதான் காரணமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 34, உயரம் 156 செ.மீ. கல்லூரி நாட்களிலிருந்தே நீர்க்கட்டிப் பிரச்சினை, ஒன்பது வருடமாகத் தைராய்டு குறைவு. 14 மாதங்களுக்கு முன் 112 கிலோ இருந்தபோது, எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். எட்டு மாதத்தில் 89 கிலோவுக்கு வந்தேன். அதோடு சரி. ஆறு மாதமாக 89, 90 என்று அங்கேயே நிற்கிறது. இடையில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியதால் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை தினமும் சாப்பிடுகிறேன். எட்டாவது மாதம் ரத்தம் பார்த்தபோது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். 0.1 என்று வந்தது. தைராய்டு மாத்திரையை 125 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆகக் குறைத்தார்கள். போன மாதம் 1.9, நார்மல் என்றார்கள். ஆனால் எனக்கு ஒரே அசதி, மலச்சிக்கல், காலையில் முகம் உப்பியிருக்கிறது. காலையில் தைராய்டு மாத்திரை, கேஸ் மாத்திரை போட்டு உடனே காபி. டிபனுக்குப் பிறகு கால்சியம், இரும்பு.

சாப்பாடு இரண்டு இட்லி, 11 மணிக்கு சத்துமாவுக் கஞ்சி, மதியம் கொஞ்சம் சாம்பார் சாதம் அல்லது ரசம் சாதம், மாலை டீ, பிஸ்கட், கொஞ்சம் மிக்ஸர், இரவு ஒரு தோசை. வாரம் மூன்று நாள் முட்டை, அசைவம் கிடையாது. என் ஆறு வயது மகன் என்னைவிட அதிகம் சாப்பிடுகிறான். நகையை அடகு வைத்துச் செய்த ஆபரேஷன், காசு வீண் என்று மாமியார் சொல்லிக் காட்டுகிறார். ஹார்மோன்தான் காரணமா? மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டுமா? எடை குறைக்கிற ஊசி போடலாமா? இரண்டாவது குழந்தையும் வேண்டும். - பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: காசு வீண் என்ற பேச்சை முதலில் முடித்துவிடலாம். ஸ்லீவ் செய்தவர்கள் ஒன்றிலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் பொதுவாக மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் வரை இழக்கிறார்கள். உங்கள் 112 கிலோவுக்கு அது 28 முதல் 34 கிலோ. நீங்கள் இழந்திருப்பது 23 கிலோ, ஏறக்குறைய 20 சதவீதம். எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இதைத் தோல்வி என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது. இணையத்தில் பார்க்கிற 'முன்னே, பின்னே' படங்களில் இருப்பவர்கள் மிக நன்றாகக் குறைந்தவர்கள். சராசரியாகக் குறைந்தவர்கள் படம் போடுவதில்லை.

இப்போது தைராய்டு. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்தப் பயோட்டின் மாத்திரைதான்.

உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் 30, 40 மைக்ரோகிராம். 10 மில்லிகிராம் என்றால் 250 மடங்குக்குக் குறையாது. வைட்டமின் என்பதால் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை, சிறுநீரில் போய்விடும். ஆனால் ரத்தப் பரிசோதனையைக் கெடுத்துவிடும். ஹார்மோன் அளவு பார்க்கிற பல பரிசோதனைக் கருவிகள் வேலை செய்வதே பயோட்டினை ஒட்டவைக்கும் ஒரு முறையில்தான். ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்து கிடந்தால் அந்த முறை குழம்பிப் போகும். டி.எஸ்.ஹெச். இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும், தைராய்டு சுரக்கிற ஹார்மோனான டி4 இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். ரிப்போர்ட்டைப் பார்க்கிறவருக்கு மாத்திரை டோஸ் கூடிப்போன மாதிரியே தெரியும். டோஸைக் குறைப்பார். அவர் மேல் தப்பில்லை, கையில் இருக்கிற காகிதம் அப்படிச் சொல்கிறது. வைட்டமின் மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்த்துச் சொல்வதுமில்லை.

உங்களுக்கு இதுதான் நடந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. எல்லாப் பரிசோதனைக் கூடத்திலும் இந்தக் குழப்பம் வராது. வேறு முறையில் பார்க்கிற இடங்களும் உண்டு. 23 கிலோ குறைந்தவருக்குத் தைராய்டு மாத்திரையின் தேவை உண்மையிலேயே குறையலாம், அதுவும் வழக்கம்தான். ஆனால் டோஸைக் குறைத்த பிறகு அசதி, மலச்சிக்கல், முக உப்பல் என்று வரிசையாகச் சொல்கிறீர்கள். போன மாதம் வந்த 1.9-ம் பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தது. அந்த எண்ணை நான் நம்பமாட்டேன்.

ஆகவே பயோட்டினை நிறுத்துங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எழுதித் தந்த மல்டிவைட்டமினிலும் அது கொஞ்சம் இருக்கும். மல்டிவைட்டமினையும் மூன்று நாள் விட்டுவிட்டு, காலையில் தைராய்டு மாத்திரை போடுவதற்கு முன் டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4 இரண்டுக்கும் ரத்தம் கொடுங்கள். மறுநாளே மல்டிவைட்டமினைத் தொடருங்கள், அதை வாழ்நாள் முழுக்க விடக்கூடாது. முடி பற்றியும் ஒரு வார்த்தை. எடை வேகமாக இறங்கும்போது மூன்றாவது, நான்காவது மாதத்தில் முடி கொட்டுவது மிகச் சாதாரணம். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே வளர்ந்துவிடும். பயோட்டின் அதற்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. இன்னும் கொட்டினால் பெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), புரதம், தைராய்டு மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, மாத்திரை போடுகிற விதம். தைராய்டு மாத்திரையை விழுங்கி உடனே காபி, அப்புறம் டிபன் முடிந்ததும் கால்சியமும் இரும்பும் என்று எழுதியிருக்கிறீர்கள். போட்ட மாத்திரையில் ஒரு பங்கு ரத்தத்தில் சேராமலே போகிறது. ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதி போய்விட்டதால் அமிலமும் குறைவு; அதன் மேல் கேஸ் மாத்திரை வேறு. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, குறைந்தது முக்கால் மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். இரும்பு மதியம், கால்சியம் இரவு. இரண்டுமே தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும், ஒன்றோடொன்று சேர்த்தும் போடக்கூடாது. கால்சியம் சிட்ரேட் வகையாக இருந்தால் நல்லது. கார்பனேட் வகை சேர்வதற்கு அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை இன்னும் தேவையா என்று உங்கள் சர்ஜனிடம் கேளுங்கள். பலர் ஆபரேஷன் முடிந்து எழுதிக் கொடுத்ததை யாரும் நிறுத்தச் சொல்லாததால் வருடக்கணக்கில் போடுகிறார்கள். ஆனால் நெஞ்செரிச்சல் இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். டோஸையோ நேரத்தையோ மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரி, தைராய்டைச் சரிசெய்துவிட்டால் எடை மளமளவென்று இறங்குமா? இறங்காது. தைராய்டு குறைவால் ஏறுகிற எடை பெரும்பாலும் மூன்று, நான்கு கிலோதான், அதிலும் பாதிக்கு மேல் உப்பும் நீரும். உங்கள் 90 கிலோவுக்கு முழுப் பழியையும் தைராய்டு மேல் போட முடியாது. ஆனால் அசதி போகும், நடக்கத் தெம்பு வரும். அந்தத் தெம்பு இல்லாமல் மற்ற எதையும் செய்ய முடியாது என்பதால்தான் இதை முதலில் சொன்னேன்.

நீர்க்கட்டிக்கும் அப்படித்தான். பிசிஓஎஸ் என்கிற நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறவர்களும் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மற்றவர்கள் அளவுக்கு எடை குறைகிறார்கள். எடை குறையும்போது இன்சுலின் எதிர்ப்பு தணிகிறது, மாதவிடாய் ஒழுங்காகிறது. நீர்க்கட்டிக்குத் தருகிற மெட்பார்மின் மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. சாப்பிட்டால் பி12 அளவை அவசியம் பாருங்கள். ஸ்லீவும் மெட்பார்மினும் சேர்ந்தால் பி12 இரண்டு பக்கமும் அடிவாங்கும். கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் கூடும் குஷிங் நோயைப் பற்றியும் சிலர் பயப்படுகிறார்கள். வயிற்றில் விரலகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள், லேசாக இடித்தாலும் ரத்தம் கன்றிப் போவது, தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாமை இருந்தால் மட்டும் அதைத் தேட வேண்டும். மூட்டு வலிக்கென்று பெயர் இல்லாத பொடி, மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு.

இனி சாப்பாடு. மகனைவிடக் குறைவாகச் சாப்பிடுவதாகச் சொல்வதை நான் நம்புகிறேன். அளவு குறைவுதான். ஆனால் சாப்பிடுகிற வகையைப் பாருங்கள்: கஞ்சி, ரசம் சாதம், டீயில் நனைத்த பிஸ்கட், வாயில் போட்டால் கரைகிற மிக்ஸர். ஸ்லீவ் என்பது வாழைப்பழம் அளவுக்குச் சுருக்கிய இரைப்பை. கெட்டியான உணவு வந்தால் அது நிரம்பும், 'போதும்' என்று சொல்லும். குழைந்ததும் நீர்த்ததும் அதில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பாலும் வெல்லமும் சேர்த்த ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி 200 கலோரியைத் தாண்டும். ஒரு கைப்பிடி மிக்ஸர் 150. இரண்டுமே வயிற்றில் இருந்த சுவடு தெரியாது. சத்துமாவு என்ற பெயரால் நம் வீடுகளில் அதற்கு மருந்து அந்தஸ்து வந்துவிட்டது. எடை குறைய வேண்டியவருக்கு அது முக்கியமாக மாவுதான்.

புரதத்தையும் கூட்டிப் பார்த்தேன். முட்டை இல்லாத நாளில் உங்களுக்குக் கிடைப்பது 30 கிராமைத் தாண்டாது. வேண்டியது குறைந்தது 60 கிராம். இது போதாமல் எடை குறைந்தால் கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை குறைந்தால் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கிற கலோரியும் குறைகிறது. எடை இழந்த எந்த உடம்பும் செலவைச் சுருக்கிக்கொள்ளும். எட்டாவது மாதத்துக்குப் பிறகு வேகம் குறைவது அதனால்தான், எல்லோருக்கும் வருகிறது. தசையையும் இழந்தால் எடை அங்கேயே நின்றுவிடும்.

தினமும் காலையில் இரண்டு முட்டை, கூட ஒரே ஒரு இட்லி. கஞ்சிக்குப் பதில் தண்ணீரிலோ மோரிலோ கலந்த ஒரு கரண்டி வே புரதப் பொடி, அதிலேயே 20 கிராமுக்கு மேல் கிடைக்கும். மதியம் 100 கிராம் பனீர் அல்லது ஒரு கைப்பிடி மீல்மேக்கரை முதலில் சாப்பிடுங்கள், இடமிருந்தால் பொரியல், கடைசியில் சாதம். மாலை மிக்ஸருக்குப் பதில் சுண்டல். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணி நேரம் போகட்டும். புரதத்தால் வயிறு முட்டுகிற மாதிரி இருக்கும். அது வேண்டும் என்றுதான் ஆபரேஷனே செய்துகொண்டீர்கள். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் இந்த அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். நடைப்பயிற்சி நல்லது, ஆனால் தசையைக் காப்பாற்ற அது போதாது. வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது என்று வீட்டிலேயே தொடங்கலாம். இரவில் பலமான குறட்டை, பகலில் தூங்கி விழுவது இருந்தால் தூக்க மூச்சடைப்புக்கான பரிசோதனையும் தேவை.

மறுபடி ஆபரேஷனா? இப்போது வேண்டாம். 14 மாதம் என்பது முடிவெடுக்கிற நேரமே இல்லை. ஸ்லீவை இரைப்பை பைபாஸாக (உணவு நேராகச் சிறுகுடலுக்குப் போகிற மாதிரி) மாற்றுகிற அறுவை சிகிச்சை உண்டு. தாங்க முடியாத அமில எதிர்க்களிப்பு இருப்பவர்களுக்கும், ஸ்லீவ் மிகவும் விரிந்துபோனவர்களுக்கும் அது பயன்படும். அதற்கு முன் எண்டோஸ்கோப்பியும், மருந்து குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் பார்க்க வேண்டும். எதையும் பார்க்காமல் நேராக ஆபரேஷன் தேதி கொடுத்தால் இன்னொரு சர்ஜனிடம் கருத்துக் கேளுங்கள்.

ஊசி போடலாம், ஆனால் நேரம் பார்த்து. செமாகுளூட்டைடு, டிர்செபடைடு இரண்டும் 2025-லிருந்து எடைக் குறைப்புக்கென்றே இந்தியாவில் கிடைக்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு எடை நின்றவர்களுக்கும் அவை வேலை செய்கின்றன. உங்கள் பிஎம்ஐ இப்போது 37-ஐ ஒட்டி இருப்பதால் தகுதியும் உண்டு. 'தைராய்டு இருந்தால் போடக்கூடாது' என்று யாராவது சொல்வார்கள். தடை என்பது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால்தான். உங்களுடைய தைராய்டு குறைவுக்கு அந்தத் தடை இல்லை. கணையத்தில் அழற்சி வந்தவர்கள் தவிர்க்க வேண்டும். பசி இன்னும் அடங்கும் என்பதால் புரதத்தைச் சரிசெய்யாமல் தொடங்கினால் தசைதான் போகும். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும், மாதாமாதம் செலவும் உண்டு.

உங்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி குழந்தை. கர்ப்பத்தில் இந்த ஊசிகள் கூடாது; செமாகுளூட்டைடை இரண்டு மாதம் முன்னதாகவே நிறுத்த வேண்டும். ஆகவே கணவரோடு பேசி எது முதலில் என்று தீர்மானியுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றரை வருடம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வது வழக்கம். இன்னும் நான்கு மாதத்தில் அதுவும் முடிகிறது. எடை குறைந்ததால் கருமுட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கியிருக்கும். முன்பு எளிதில் கரு தங்கவில்லை என்ற நினைப்பில் இருக்காதீர்கள், அதுவரை காப்பர் டி போன்ற நம்பகமான கருத்தடை வேண்டும்.

குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன் டி.எஸ்.ஹெச். 2.5-க்குள் இருக்க வேண்டும், அதுவும் பயோட்டின் இல்லாமல் பார்த்த எண்ணாக. பி12, இரும்பு, வைட்டமின் டி மூன்றையும் பார்த்துக் குறையை நிரப்புங்கள். மாதவிடாய் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். தைராய்டு மாத்திரையை உடனே கால் பங்கு அளவுக்குக் கூட்ட வேண்டியிருக்கும். சர்க்கரைப் பரிசோதனைக்குக் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொல்லும்போது ஸ்லீவ் செய்ததைச் சொல்லுங்கள். அது சிலருக்குப் படபடப்பும் மயக்கமும் தரும், அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கச் சொல்வார்கள்.