பெருக்கிப் பார்க்கும் பழக்கம்: வெளிநாட்டுச் செலவு பற்றிக் கேட்டவர்களுக்கு

இந்த முறை கடிதங்கள் நிறைய. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன்.

கேள்வி: மாதம் 4,000 சம்பளத்தில் வெளிநாட்டு வேலை கிடைத்திருக்கிறது. குடும்பம் நடத்தப் போதுமா?

எந்த நாடு? எந்த ஊர்? எத்தனை பேர்? 4,000 என்பது எந்தப் பணம்? பிடித்தம் போகக் கைக்கு வருவதா, ஆஃபர் லெட்டரில் போட்டிருப்பதா? ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை. வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்ந்து சில நாடுகளில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவிடும். வளைகுடா நாடுகளில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை. இரண்டும் ஒரே 4,000 ஆகுமா? கைக்கு என்ன வரும் என்பதை வேலை தருகிறவரிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

கேள்வி: உலகில் செலவு அதிகமான நகரங்கள் என்று வரும் பட்டியல்களை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அவை உங்களுக்காகப் போட்டவை அல்ல. மெர்சர் போன்ற ஆலோசனை நிறுவனங்களின் பட்டியல் நியூயார்க்கை அடிப்படையாக வைத்து, ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெரிய கம்பெனிகளுக்காகத் தயாரிக்கப்படுவது. அந்த வாழ்க்கை முறைக்கும் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு தொடங்கப்போகும் உங்களுக்கும் சம்பந்தம் குறைவு. போகிற ஊரின் வாடகை விளம்பரங்களை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வாடகை தெரிந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

கேள்வி: போன், லேப்டாப் விலையெல்லாம் ஏறக்குறைய நம் நாட்டில் இருப்பதுதான். முடி வெட்டவும் குழாய் ரிப்பேருக்கும் மட்டும் ஏன் இப்படிக் கேட்கிறார்கள்? ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று இல்லை. போன் கப்பலேறி எந்த நாட்டுக்கும் போகும், அதனால் அதன் விலை எங்கும் பக்கம் பக்கமாக நிற்கிறது. முடிவெட்டு கப்பலேறாது. வெட்டுகிறவரின் கூலி அந்த நாட்டு மற்றத் தொழில்களின் கூலியோடு சேர்ந்து ஏறியாக வேண்டும், இல்லையென்றால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். 1964இல் பலாசா, சாமுவேல்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் தனித்தனியே இதை விளக்கினார்கள். உங்களுக்கு இதில் பயன் என்னவென்றால், மனிதக் கை பட வேண்டிய எதுவும் அங்கே விலை கூடுதல். சின்ன ரிப்பேர், துணி தைப்பது, வீட்டில் முடி வெட்டுவது இவற்றைக் கற்றுக்கொண்டால் மிச்சம் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: வந்து எட்டு மாதம். எதை எடுத்தாலும் நம் பணத்தில் பெருக்கிப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுகிறேன். குளிருக்கு நல்ல ஷூகூட வாங்கவில்லை. சிக்கனம் நல்லதுதானே?

இந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நீங்கள் செய்வது சிக்கனம் அல்ல. இதை எத்தனை தடவை எழுதினாலும் மாதம் பத்துப் பேராவது இதையே எழுதுகிறார்கள், அதனால் மறுபடியும் சொல்கிறேன்.

நான் போன முதல் குளிர்காலத்தில் கடையில் ஒரு கோட்டைப் போட்டுப் பார்த்தேன். கனமான கோட்டு, காலர் காதுவரை வந்தது. விலைச்சீட்டைத் திருப்பிப் போனில் பெருக்கினேன். வந்த எண் என் அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. கோட்டைக் கழற்றி ஹேங்கரில் மாட்டிவிட்டு, மெல்லிய ஜாக்கெட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுச் சமாளித்தேன். ஜனவரியில் காய்ச்சல், பத்து நாள் சம்பளமில்லாத விடுப்பு. அந்தச் சம்பளத்தில் அதே கோட்டு மூன்று வாங்கியிருக்கலாம்.

நீங்கள் சம்பாதிப்பது அந்த நாட்டுப் பணம், செலவழிப்பதும் அதுவே. நடுவில் மூன்றாவதாக ஒரு பணத்தை ஏன் நுழைக்கிறீர்கள்? விலையை உங்கள் வேலை நேரத்தால் அளந்து பாருங்கள். கைக்கு 2,400 வருகிறது, மாதம் 160 மணி நேரம் வேலை என்றால் ஒரு மணி நேரம் 15. ஷூ 90 என்றால் ஆறு மணி நேர உழைப்பு. மூன்று குளிர்காலம் தாங்கும் பொருளுக்கு ஆறு மணி நேரம் அதிகமா? இன்னும் கறாராகப் பார்க்க வேண்டுமா, வாடகை, மின்சாரம், பயணம், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் கழித்து மிஞ்சுவதை 160ஆல் வகுங்கள். 800 மிஞ்சினால் மணிக்கு 5; ஷூ 18 மணி நேரம். அப்போதும் வாங்கத்தான் வேண்டும். ஆனால் மாதா மாதம் புதுப் போன் தவணை கட்டலாமா என்று யோசிக்கும்போது இந்த 5 உங்களைச் சரியாகத் தடுக்கும்.

பெருக்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன: வீட்டுக்கு அனுப்பும் பணம், நம் ஊரில் வாங்கிவிட்டு வந்த கடன், திரும்பிப் போகும்போது கொண்டுபோகும் சேமிப்பு. எல்லை தாண்டும் பணத்துக்குத்தான் மாற்று விகிதம். வீட்டுப் பணத்தில் படிக்கும் மாணவர்கள் மட்டும் எல்லாச் செலவையும் பெருக்கிப் பார்ப்பதில் நியாயம் உண்டு, அவர்களுக்கு வருமானமே அந்தப் பணத்தில்தான் வருகிறது. நீங்கள் மாணவர் இல்லை. இந்த வாரமே ஷூ வாங்குங்கள்.

கேள்வி: கார்டு மெஷின் "உங்கள் நாட்டுப் பணமா, இந்த நாட்டுப் பணமா" என்று கேட்கிறது. எதை அழுத்துவது?

இந்த நாட்டுப் பணம். எப்போதும். ஏ.டி.எம்.மிலும் அதுவே. உங்கள் நாட்டுப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் விகிதத்தை மெஷின்காரர் வைப்பார், பல சதவீதம் கூடுதலாக. கடைக்காரர் உங்களைக் கேட்காமலே அழுத்தினால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். நாலு மாதத்துக்குள் உள்ளூர் வங்கிக் கணக்கு திறந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: முதல் மின்சார பில்லைப் பார்த்துப் பயந்துவிட்டோம். லைட்டையெல்லாம் அணைத்துத்தான் வைக்கிறோம்.

லைட்டை விடுங்கள். 9 வாட் எல்.இ.டி. பல்ப் பத்து மணி நேரம் எரிந்தால் 0.09 யூனிட். 2,000 வாட் ஹீட்டர் அதே பத்து மணி நேரத்துக்கு 20 யூனிட், மாதம் 600. சூடாக்குவதும் குளிர்விப்பதும்தான் பணத்தைத் தின்பவை. ஜன்னல் இடுக்கை அடைப்பது, ஆள் இருக்கும் அறையை மட்டும் சூடாக்குவது, இந்த இரண்டிலிருந்து தொடங்குங்கள். பில்லில் இருப்பது மீட்டரில் எடுத்த அளவா, மதிப்பீடா என்றும் பாருங்கள். மதிப்பீடு என்றால் முந்தைய குடித்தனக்காரரின் பயன்பாட்டை வைத்துக்கூடப் போட்டிருக்கலாம். குடிபோன அன்றே மீட்டரைப் படம் எடுத்தீர்களா? எடுக்கச் சொல்லி எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

கேள்வி: வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகலாமா?

230 வோல்ட் பெட்டியை 120 வோல்ட் நாட்டில் செருகினால் ஏறக்குறைய கால் பங்கு சூடுதான் வரும். எதிர்த் திசையில் கொண்டுபோனால் கருகிவிடும். அங்கே போய் வாங்குங்கள்.

கேள்வி: "கட்டணம் பூஜ்யம்" என்று விளம்பரம் செய்யும் இடத்தில் பணம் அனுப்பலாமா?

கட்டணத்தைப் பார்க்காதீர்கள். 500 கொடுத்தால் அந்தப் பக்கம் கையில் எவ்வளவு விழும் என்று மட்டும் மூன்று இடத்தில், ஒரே நேரத்தில் கேளுங்கள். கட்டணம் இல்லை என்பவர்கள் விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள். உலக வங்கி பல ஆண்டுகளாகக் கணக்கெடுக்கிறது. 200 டாலர் அனுப்ப உலகச் சராசரிச் செலவு 6 சதவீதத்துக்குச் சற்று மேல். 2030க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. வைத்திருக்கும் இலக்கு. பொதுவாக வங்கிகள்தான் அதிகம் வாங்குகின்றன.

கேள்வி: நம் நாட்டில் என் கடன் மதிப்பெண் அருமையாக இருக்கிறது. அங்கே உதவுமா?

பெரும்பாலும் உதவாது. சின்ன வரம்புள்ள கார்டு ஒன்று வாங்கி, மாதாமாதம் முழுத் தொகையும் கட்டிப் புதிதாகத் தொடங்குங்கள்.

கேள்வி: வாடகை 700 என்றார்கள், சேர்ந்த பிறகு 900க்கு மேல் போகிறது. அட்வான்ஸாவது திரும்ப வருமா?

மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டீர்களா? வாடகை என்ற ஒரே சொல்லுக்குள் எது அடக்கம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் "குளிர் வாடகை", "சூடான வாடகை" என்று இரண்டு இருக்கிறது. முதலாவதில் ஹீட்டிங், தண்ணீர், குப்பைச் செலவு எதுவும் சேராது. விளம்பரத்தில் பெரிதாகக் கண்ணில் படுவது பல சமயம் அதுதான். அட்வான்ஸுக்கும் வரம்பு உண்டு. அங்கே மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்க முடியாது, அதையும் மூன்று தவணையில் கட்டலாம். இங்கிலாந்தில் 2019 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைதான் உச்சம். நீங்கள் இருக்கும் நாட்டின் வரம்பை வாடகைதாரர் சங்கத்தில் கேளுங்கள்.

திரும்ப வருவது உங்கள் கையில் இருக்கும் சாட்சியைப் பொறுத்தது. சாவி வாங்கிய அன்று ஒவ்வொரு அறையையும், சுவர்க் கீறல், குளியலறை மூலை, அடுப்படி உட்பட, படம் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை என்றால் இன்றே அனுப்புங்கள். தாமதமாக அனுப்பினாலும் காலி செய்யும் நாளில் எடுக்கும் படங்களோடு ஒப்பிட ஏதாவது இருக்கும். மீட்டர் படத்தையும் அதே கடிதத்தில் சேருங்கள்.