கடமைகள் குறைந்த பின்னும் காலம் ஏன் விரைகிறது?

கேள்வி: பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் தத்தம் குடும்பத்தோடு தனியே இருக்கிறார்கள். காலையில் அரக்கப் பரக்கக் கிளம்ப வேண்டியதில்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலையும் இல்லை. இத்தனை நாள் படிக்காமல் விட்டதையெல்லாம் இனிப் படிக்கலாம் என்றிருந்தேன். ஆனால் வேலையில் இருந்த காலத்தைவிட இப்போதுதான் நாள்கள் பறக்கின்றன. திங்கட்கிழமை என்று நினைப்பதற்குள் வெள்ளி வந்துவிடுகிறது. இது வயதின் கோளாறா, என் கோளாறா?

பதில்: இரண்டும் இல்லை. உங்களைப் போன்ற நிலையில் இருக்கும் பலரும் இதைச் சொல்கிறார்கள். சொல்லக் கூச்சப்பட்டு மனத்துக்குள் வைத்திருப்பவர்கள் இன்னும் அதிகம்.

ஒரு பொழுது கழியும்போது நமக்குத் தோன்றும் நீளம் வேறு. பிறகு அதை எண்ணிப் பார்க்கும்போது தோன்றும் நீளம் வேறு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாக எழுதினார். பலவகை அனுபவங்களால் நிறைந்த காலம் கழியும்போது குறுகியும் நினைவில் நீண்டும் தோன்றும் என்றும், வெறுமையான காலம் அதற்கு நேர்மாறாக, கழியும்போது நீண்டும் நினைவில் சுருங்கியும் தோன்றும் என்றும் அவர் கண்டார். வாரம் பறந்துவிட்டது என்று நீங்கள் வெள்ளிக்கிழமை சொல்வது, பெரும்பாலும் நினைவு சொல்லும் கணக்குதான்.

நீங்கள் வேலை பார்த்த நாள்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்தைத் தவறவிடக் கூடாத அந்த நிமிடம், மேலதிகாரி அழைத்த நேரம், மதிய இடைவேளை, மாதக் கடைசியில் கணக்கை முடித்துக் கையெழுத்திட்டு எழுந்த மாலை என்று அன்று தொல்லையாகத் தெரிந்த ஒவ்வொன்றும் அந்த நாளுக்குள் ஓர் எல்லையைப் போட்டது. நினைவு பற்றிக்கொள்வது இத்தகைய தொடக்கங்களையும் முடிவுகளையும்தான். கடமைகள் போனபோது சுமையோடு சேர்ந்து இந்த எல்லைகளும் போய்விட்டன. பத்தி பிரிக்காமல் அச்சிட்ட புத்தகத்தில் எங்கே நிறுத்தினோம் என்று தெரியாததைப் போல, ஒரு நாள் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்பது மனத்தில் பதிவதில்லை.

இதன் எல்லை வரை சென்று பார்த்தவர் பிரான்சின் நிலவியலாளர் மிஷேல் சிஃப்ரே. 1962ஆம் ஆண்டு ஜூலை மாதம், கடிகாரம் இல்லாமல், ஆல்ப்ஸ் மலையின் நிலத்தடிக் குகை ஒன்றுக்குள் தனியாக இறங்கி இரண்டு மாதம் தங்கினார். விழித்தபோதும் உறங்கப் போனபோதும் மேலே இருந்தவர்களுக்குத் தொலைபேசியில் தெரிவிப்பார். அவர்கள் மட்டும் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். செப்டம்பர் 14 அன்று, காலம் முடிந்தது என்று அவர்கள் சொன்னபோது, தம் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20தான் என்றார் சிஃப்ரே. 25 நாள்கள் அவர் மனக்கணக்கிலிருந்து காணாமற்போயிருந்தன. இத்தனைக்கும் அவர் உடல் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியிலேயே உறங்கி எழுந்திருந்தது. உடல் தவறவில்லை, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக்காட்ட ஏதும் இல்லாத நாள்களை எண்ண மனத்தால்தான் முடியவில்லை.

பத்து வயதுச் சிறுவனுக்கு ஓராண்டு வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு, அறுபது வயதினருக்கு அறுபதில் ஒரு பங்கு. அதனால்தான் வயது ஏற ஏறக் காலம் விரைகிறது என்ற விளக்கத்தை நீங்கள் கேட்டிருக்கலாம். 1877இல் போல் ஜானே என்ற பிரெஞ்சு மெய்யியலாளர் சொன்னது அது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வயது ஒரே சீராகத்தானே ஏறுகிறது? ஓய்வு பெற்ற பிறகு மட்டும் உங்கள் காலம் திடீரென்று வேகம் பிடித்ததற்கு இந்தக் கணக்கில் விடை இல்லை.

கேள்வி: அப்படியானால் இதை மாற்ற வழி உண்டா? புதிய இடங்களுக்குப் போங்கள் என்கிறார்கள். அதற்கு உடல்நிலை இடம் கொடுக்கவில்லை.

பதில்: பயணம் கட்டாயமில்லை. நாள் முழுவதையும் வேலைகளால் நிரப்புவதும் தீர்வாகாது. நேரம் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுக்கும் வேலை விரிந்துகொள்ளும் என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் 1955இல் எழுதியது வீட்டு வேலைக்கும் பொருந்தும். தொலைபேசிக் கட்டணம் செலுத்துவது போன்ற பத்து நிமிட வேலை முற்பகல் முழுவதையும் விழுங்கிவிடுவதை நீங்களே கண்டிருப்பீர்கள். நான் பரிந்துரைப்பது வேறு. இன்ன தேதியில் தொடங்கி இன்ன தேதியில் முடியும் என்ற வரையறை உள்ள ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்காகக் காத்திருக்கும் வேறொருவரும் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தேர்வு வரை கணக்குச் சொல்லிக்கொடுப்பது, குடும்பத்தின் பழைய புகைப்படங்களில் இருப்பவர்கள் யார் யார் என்று எழுதி ஒரு பிறந்தநாளுக்குள் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது போன்றவை போதும். படிக்க நினைத்த நூல்களையும் தனியே படிக்காமல், நண்பர் ஒருவரோடு நாள் குறித்துப் பேசுவதற்காகப் படியுங்கள். இரவில் ஒரு வரி எழுதி வையுங்கள். ஆனால் அது அந்த நாளுக்கு மட்டுமே பொருந்தும் வரியாக இருக்க வேண்டும். ‘எழுந்தேன், நடந்தேன், உறங்கினேன்’ என்பது எந்த நாளுக்கும் பொருந்தும், அதனால் பயனில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாள்கள் விரைவது ஒருபுறம் இருக்க, முன்பு விரும்பியவற்றிலும் நாட்டம் போய்விட்டது, உறக்கம் கெட்டுவிட்டது, அன்று காலையில் பேசியதே மறந்துவிடுகிறது என்ற நிலை இருந்தால், அதை வயதின் இயல்பென்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.